இட்லிப்பூ இலை மஞ்சளாகிறது: வடசென்னைத் தண்ணீரில் வளர்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

காலடிப்பேட்டை_மாடி | ஜூலை 6, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் மூன்று இட்லிப்பூச் செடி வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் செங்குன்றம் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கியது. வாங்கும்போது கரும்பச்சை இலையும் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவுமாக இருந்தது. இப்போது துளிர்க்கிற இலையெல்லாம் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி தெரிகிறது. பழைய இலைகளின் நுனி கருகுகிறது. மொட்டு வைக்கிறது, விரிவதற்குள் கொட்டிவிடுகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

இதுவரை செய்தது: மண்புழு உரம் இரண்டு முறை, முட்டை ஓட்டுத் தூள், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், ஒரு முறை விறகடுப்புச் சாம்பல். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க மனம் வராமல் தினமும் செடிக்குத்தான் விடுகிறேன். போதாததற்கு போர் தண்ணீர். வெயில் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை படும்.

இந்தச் செடிமேல் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டு வாசலில் ஆயா வைத்த இட்லிப்பூ காம்பவுண்டு சுவருக்கு மேலே வளர்ந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நடுவில் இருக்கிற நரம்பை உருவி, நுனியில் நிற்கும் ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வைத்துக்கொள்வோம். வீட்டை இடித்துக் கட்டியபோது செடியையும் வெட்டிவிட்டார்கள். ஆயாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. மாடியேற முடியாது. ஒரு கொத்தாவது கீழே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

செம்மண்பிரியன் | ஜூலை 6, இரவு 10.25

சகோதரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்புச்சத்து இலைக்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எப்படித் தெரியும் என்றால், மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்தால் அடியில் இருக்கும் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். அந்தச் சத்துகளைச் செடி பழைய இலையிலிருந்து உருவி புதுத் துளிருக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது. அதனால் குறை முதலில் துளிரில் தெரியும். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்பது அதற்கே உரிய அடையாளம்.

இட்லிப்பூ காப்பிச் செடியின் குடும்பம். புளிப்பு மண் கேட்கிற செடி. பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்; ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5க்கும் 6க்கும் இடையில் இருந்தால் கொண்டாட்டமாக வளரும். பி.எச். 7ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும், வேர் பக்கத்திலேயே இருந்தாலும் உறிஞ்ச முடியாது. முட்டை ஓடு என்பது முழுக்க முழுக்கச் சுண்ணாம்புதான். சாம்பலும் காரம். தக்காளிக்கு முட்டை ஓடு போடலாம், இதற்கு வேண்டாம். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியம் அந்த ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீர் அது. பழைய இலையின் நுனி கருகுவது அதனால்தான். பாத்திரம் கழுவலாம், வாசல் கழுவலாம், கழிவறைக்கு விடலாம். தொட்டிச் செடிக்கு மட்டும் கூடாது. வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் செடி அந்த உப்பை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

பழைய_வண்ணை | ஜூலை 7, காலை 6.50

இதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நாட்டு இட்லிப்பூ நாற்பது வருடமாக நிற்கிறது. அதற்கு யாரும் இரும்பு கொடுக்கவில்லை, பி.எச். பார்க்கவில்லை. உப்புக்கரிக்கிற போர் தண்ணீர்தான் விடுகிறார்கள். சித்திரை வெயிலில் செடி முழுக்கச் சிவப்பாக நிற்கும், இலை தெரியாது. நர்சரியிலிருந்து வருகிற மினி வகைகளுக்குத்தான் இந்த நோஞ்சான் உடம்பு. நாட்டுச் செடி வைத்தால் இந்தக் கவலையே வராது.

செம்மண்பிரியன் | ஜூலை 7, காலை 8.15

அண்ணா, நீங்கள் சொல்லும் செடி தரையில் நிற்கிறது. அது பெரிய வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகை மழை வந்து வருடத்துக்கு ஒரு முறை மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவி ஆழத்துக்குத் தள்ளிவிடும். வேரும் நாற்பது வருடத்தில் எவ்வளவோ தூரம் போயிருக்கும். அடியில் விழுந்த இலை மக்கி மக்கி மேல்மண் புளிப்பாகியிருக்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் இது எதுவுமே நடக்காது. விட்ட தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், தினமும் கொஞ்சம் கூடும்.

ஆனால் நாட்டு வகை தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தரையிலேயே வைத்தாலும் சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூ மட்டும் மஞ்சளாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே? சிமெண்டுப் பூச்சிலிருந்தும் வெள்ளையடித்த சுவரிலிருந்தும் சுண்ணாம்பு கரைந்து இறங்குவதால் வருவது அது. நம் பக்கம் புது வீட்டு வாசலில் மண் என்று கொட்டுவதில் பாதி இடித்த கட்டடத்து ரப்பிஷ். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இட்லிப்பூ வேண்டாம், அரளி வையுங்கள். அது எதையும் தாங்கும்.

பழைய_வண்ணை | ஜூலை 7, காலை 8.40

சுவர் விஷயம் உண்மை. என் தம்பி வீட்டில் சுவரை ஒட்டி இருக்கிற இரண்டு மட்டும் மஞ்சள், நான்கடி தள்ளி இருப்பது பச்சை. இத்தனை நாள் வெயில் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தண்டையார்பேட்டை_டீச்சர் | ஜூலை 7, மதியம் 1.30

பேச்சு உரத்திலேயே நிற்கிறது. பூவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேனே.

இட்லிப்பூ என்பது நாம் கொத்தின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். நம் இலக்கியம் இதை வெட்சி என்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் முதல் திணையே வெட்சிதான். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடிய பூ. அதை மீட்கப் போகிறவர்கள் கரந்தை சூடினார்கள். திருமுருகாற்றுப்படையிலும் சிவந்த காம்புடைய வெட்சி வருகிறது. காம்பைப் பாருங்கள், இன்றைக்கும் அதே சிவப்புதான். மலையாளத்தில் தெச்சி, கோயில் பூஜையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. கடல் தாண்டி தென் அமெரிக்காவில் சூரினாம் நாட்டின் தேசிய மலரும் இதுதான். லின்னேயஸ் 1753இல் வைத்த இக்சோரா என்ற பேரினப் பெயர் ஈஸ்வரன் என்ற சொல் திரிந்து வந்தது.

வகுப்பில் வெட்சித் திணை நடத்தும்போது இதைத்தான் கொண்டுபோய்க் காட்டுவேன். "டீச்சர், இது இட்லிப்பூதானே?" என்று முதல் பெஞ்சிலிருந்து சத்தம் வரும். அதற்கப்புறம் அந்தப் பாடத்தை அவர்கள் மறப்பதில்லை. வடசென்னைப் பிள்ளைகளுக்கு வெட்சி அந்நியமான பூ இல்லை, பெயர்தான் அந்நியமாகிவிட்டது.

வெட்டிவேர் | ஜூலை 7, இரவு 8.05

டீச்சரம்மா சொன்னது மனதுக்கு நிறைவாக இருந்தது. கந்தகோட்டம் போகும்போதெல்லாம் முருகனுக்கு இட்லிப்பூ வாங்க நினைப்பேன். பத்ரியன் தெருவில் மல்லி, சாமந்தி, அரளி, ரோஜா எல்லாம் கிடைக்கும், இது மட்டும் அரிதாகத்தான் கண்ணில் படும். பறித்து வைத்தால் இதழ் சீக்கிரம் கழன்றுவிடும், அதனால் வியாபாரத்துக்கு ஒத்துவராது என்று பூக்கார அம்மா ஒருவர் சொன்னார். வீட்டில் இருந்தால்தான் உண்டு.

கேள்விக்கு வருகிறேன். தண்ணீருக்கு என் வழி ஏசி தண்ணீர். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைக் குளிரவைத்துச் சொட்டவைப்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடினால் காலையில் அரை வாளிக்கு மேல் நிற்கும். இரண்டு வருடமாக நான்கு இட்லிப்பூவுக்கும் அதுதான். கீரைக்கும் காய்க்கும் விடுவதில்லை, உள்ளே இருக்கிற உலோகச் சுருளில் பட்டு வருகிற தண்ணீர் என்பதால் ஒரு தயக்கம். பூச்செடிக்குத் தாராளமாக விடலாம். அதில் எந்தச் சத்தும் இல்லை என்பதால் மாதம் ஒரு முறை மண்புழு உரம் தவறக் கூடாது.

காலடிப்பேட்டை_மாடி | ஜூலை 9, இரவு 9.45

அனைவருக்கும் நன்றி. உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். பேனாவைத் தங்கையிடம் இரவல் வாங்கி அளந்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போர் தண்ணீர் 1,640. ஆர்.ஓ. கழிவு 2,300. ஏசி தண்ணீர் 18. மெட்ரோ (குடிநீர் வாரியக்) குழாய்த் தண்ணீர் 310. பார்த்ததும் செடியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. நான்கு மாதம் தினமும் என் கையாலேயே உப்பை ஊற்றியிருக்கிறேன்.

இப்போது மண்ணை மாற்ற வேண்டுமா? மெட்ரோ தண்ணீரைச் செடிக்கு விடுவது சரியா?

செம்மண்பிரியன் | ஜூலை 9, இரவு 11.00

மண்ணை முழுதாக மாற்றாதீர்கள். இட்லிப்பூவின் வேர் மெல்லியது, பிரித்து உதறினால் செடி மூன்று மாதம் பின்னால் போய்விடும். முதலில் கழுவுங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். நல்ல மழை பெய்யும் நாளில் தொட்டியைத் திறந்த இடத்துக்கு நகர்த்தினாலே போதும், அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

பிறகு மேல்மண் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு (முட்டை ஓடும் சாம்பலும் அங்கேதான் இருக்கும்) செம்மண்ணும் இலைமக்கும் கலந்து போடுங்கள். தென்னை நார்த்தூள் சேர்ப்பதாக இருந்தால் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு சேருங்கள். கழுவாத கட்டியில் உப்பு நிறைய இருக்கும்.

மெட்ரோ தண்ணீரைப் பற்றி: நம் பக்கத்துக்கு வருவதில் ஒரு பங்கு காட்டுப்பள்ளி ஆலையில் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. 2010இல் தொடங்கியது, நாளுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் அளவு. அவ்வளவு செலவழித்து உப்பை நீக்கிய தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்ற எனக்கும் கை வராது. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை எடுத்து வையுங்கள், அது மெட்ரோ தண்ணீர்தானே. மூன்று செடிக்கு அதுவும் ஏசி தண்ணீரும் போதும். மழைக்காலத்தில் டிரம் வையுங்கள். பத்துக்குப் பத்தடி ஷீட்டில் ஒரு செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 90 லிட்டர். ஒரே மழையில் டிரம் வழியும். மேலே கொசுவலை கட்ட மறக்காதீர்கள்.

இலை உடனே தேற வேண்டும் என்றால் அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும், இரும்பு சல்பேட்தான் அது. உரக்கடையில் வாங்குவதே நல்லது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு 1 கிராம். வெயில் சாய்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்த உடனே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் பழுப்பாகிப் பயனற்றுப் போகும். வேருக்குக் கொடுப்பதாக இருந்தால் செலேட் இரும்பு, அதாவது கரையாமல் போகாதபடி வேறொரு சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. அதில் ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் பிடி விட்டுவிடும், ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும். விலை அதிகம், ஆனால் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும்.

கொளத்தூர்_குட்டித்தோட்டம் | ஜூலை 10, காலை 7.20

அன்னபேதி தெளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தரையில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். நான் விரிக்கவில்லை. வெள்ளை டைல்ஸ் முழுக்கத் துருக்கறை, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கி, காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

புளித்த மோர் விடலாமா? எங்கள் அம்மா விடுவார்.

செம்மண்பிரியன் | ஜூலை 10, காலை 9.00

விடலாம். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர், உப்பு போடாத மோர். ஆனால் அதன் புளிப்பு இரண்டு நாள்தான் நிற்கும். நீண்ட நாளைக்குக் கந்தகத் தூள்: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். தொட்டிக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தண்ணீரைச் சரிசெய்யாமல் இதையெல்லாம் செய்தால் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவது போலத்தான்.

பெரம்பூர்_சித்தமருத்துவம் | ஜூலை 12, இரவு 9.30

பூவின் பயன்பாட்டைத் தனிமடலில் சிலர் கேட்டார்கள், இங்கேயே சொல்கிறேன். வெட்சியின் வேரையும் பூவையும் சீதபேதிக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, குழந்தைகளின் தோலில் வரும் கரப்பானுக்குப் பூசுவது கேரளத்திலும் குமரிப் பக்கமும் இன்றும் உண்டு. பூவிதழைத் துவையலில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழுத்த பழம் கருஞ்சிவப்பாக இருக்கும், பிள்ளைகள் தின்பார்கள், கெடுதல் இல்லை.

ஆனால் அழுத்திச் சொல்கிறேன்: குழந்தைக்குப் பேதி என்றால் வேரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்து உடனே மருத்துவரிடம் போங்கள். தோலில் பூசும் எண்ணெயையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூச வேண்டும். மருந்தடித்த நர்சரிப் பூவை இதற்கெல்லாம் எடுக்கவே கூடாது.

காலடிப்பேட்டை_மாடி | ஆகஸ்ட் 17, மாலை 6.40

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கழுவினேன், மேல்மண் மாற்றினேன், மூன்று முறை அன்னபேதி (சாக்கு விரித்து). ஏசி தண்ணீர் மட்டும். இரண்டு செடியில் வந்த புது இலை பச்சை! பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது செடி போய்விட்டது, தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பு.

இப்போது புதுத் தொல்லை. இலைமேல் கரி பூசினது மாதிரி கருப்பாக இருக்கிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் மொட்டைமாடித் துணியெல்லாம் இப்படித்தான் இருக்கும். தூசியா?

வெட்டிவேர் | ஆகஸ்ட் 17, இரவு 8.10

ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மணலித் தொழிற்சாலைப் புழுதியானால் உடனே போகும். பிசுபிசுப்பாக உரிந்து வந்தால் கரும்பூசணம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் இலையின் அடியிலோ தண்டிலோ செதில் பூச்சி, மாவுப்பூச்சி இருக்கும். அது கழிக்கிற இனிப்பு நீர்மேல்தான் பூசணம் வளர்கிறது. பூசணத்துக்கு மருந்து தேவையில்லை, பூச்சி போனால் அதுவும் போகும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பூச்சியைத் தேய்த்தெடுத்துவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று வாரம். பூ விரிந்திருக்கும்போது கொத்தின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளக் குழலுக்குள் நாக்கை விட்டுத் தேன் எடுக்கிற பட்டாம்பூச்சிகள் இந்தப் பூவை நம்பி வருகின்றன. எங்கள் மாடிக்குத் தேன்சிட்டும் வருகிறது.

பழைய_வண்ணை | ஆகஸ்ட் 18, காலை 6.30

தங்கச்சி, மூன்றாவது செடி போனதற்கு வருத்தப்படாதே. ஜூலையில் நான் சொன்ன அந்த நாற்பது வருடச் செடி இருக்கிறதே, அந்த வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர்களும் அடுத்த தையில் வீட்டை இடிக்கப்போகிறார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேண்டிய மட்டும் பதியன் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். உன் ஆயா வைத்ததும் இதே வகையாகத்தான் இருக்கும். இதழ் நுனி கூராக இருக்கும், இலைக்குக் காம்பே தெரியாது, ஆள் உயரத்துக்குமேல் போகும். மினி வகையில் இதெல்லாம் இருக்காது.

எப்படிப் பதியன் போடுவது, யாராவது சொல்லுங்கள். நான் மல்லிக்குத்தான் போட்டிருக்கிறேன்.

செம்மண்பிரியன் | ஆகஸ்ட் 18, காலை 7.45

அண்ணா, இது நல்ல காரியம். விண்பதியமே போடுங்கள், குச்சியைவிட நிச்சயம். பென்சில் கனமுள்ள கிளையில், நுனியிலிருந்து ஓரடி கீழே, ஒரு அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிடுங்கள். வழுவழுப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மறுபடி சேர்ந்துகொள்ளும். கழுவிய நார்த்தூளை ஈரமாக உருண்டை பிடித்து அதன்மேல் வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி, இரண்டு முனையும் இறுகக் கட்டுங்கள். தாளுக்குள் வெள்ளை வேர் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சந்தேகமிருந்தால் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றலாம்.

குச்சியும் வையுங்கள். முற்றியும் முற்றாததுமான குச்சி, ஐந்து அங்குலம், மேலே இரண்டு இலையைப் பாதியாக வெட்டி விட்டு, மணலும் நார்த்தூளும் கலந்த கப்பில் நட்டு, மேலே பாலித்தீன் கவர். நிழலில் வையுங்கள். பத்து வைத்தால் நான்கு பிழைக்கும்.

தண்டையார்பேட்டை_டீச்சர் | ஆகஸ்ட் 18, மாலை 5.15

பள்ளி வளாகத்துக்கு எனக்கு ஒன்று வேண்டும். தரையிலேயே வைக்க இடமிருக்கிறது. சுவரிலிருந்து ஆறடி தள்ளி வைப்பேன்.

பழைய_வண்ணை | அக்டோபர் 20, காலை 7.05

பதினொன்று போட்டேன். எட்டில் வேர் வந்துவிட்டது. தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் போல ஓடியிருக்கிறது, படம் பாருங்கள். குச்சியில் மூன்று துளிர்த்திருக்கிறது. நேற்று வெட்டி இறக்கி, செம்மண் கவரில் நட்டு நிழலில் வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும்.

ஒன்று தங்கச்சிக்கு, ஒன்று டீச்சருக்கு, ஒன்று எனக்கு. கொளத்தூர் தம்பி, உனக்கு வேண்டுமா? மீதி நான்குக்கு, தரையில் வைக்க இடம் இருக்கிறவர்கள் முதலில் சொல்லுங்கள். தொட்டிக்காரர்கள் அப்புறம்.

காலடிப்பேட்டை_மாடி | அக்டோபர் 20, இரவு 9.20

அண்ணா, ஆயாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம வீட்டுதா?" என்று கேட்டார். இல்லை, வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுது என்றேன். "எங்க வீட்டுக்கும் வண்ணாரப்பேட்டையிலருந்துதான் குச்சி ஒடிச்சாந்தேன், எங்க சின்னம்மா வீட்ல" என்றார். எந்தத் தெரு என்று அவருக்கு நினைவில்லை.

கீழ் வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி சிமெண்டை உடைத்து மண் திறக்க அப்பா ஒப்புக்கொண்டார். ரப்பிஷை இரண்டடி ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் செம்மண் நிரப்பப்போகிறோம். வினிகர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடுவேன்.

எப்போது வந்து வாங்கிக்கொள்ளட்டும்?

பழைய_வண்ணை | அக்டோபர் 21, காலை 6.15

நவம்பர் முதல் ஞாயிறு. நீ அலைய வேண்டாம், எனக்குத் திருவொற்றியூரில் வேலை இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் காலடிப்பேட்டை மெட்ரோ ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன். மழையாக இருந்தாலும் வருவேன், செடிக்கு நல்லதுதான். ஒரு பை கொண்டுவா, மண் கட்டி உடையாமல் நிமிர்த்தி எடுத்துப்போக வேண்டும்.